பேஸ் கிட்டார் ஒலிக்கருவிகள்

பேஸ் கிட்டாரின் மின்னலைகளைப் பதப்படுத்தி, பெருக்கி, ஒலியாக வெளியிடும் கருவிகளின் தொகுதி. எஃபெக்ட் பெடல்கள், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் கேபினெட் ஆகியவை இதில் அடங்கும்.

வரலாறு: ஃபெண்டர் நிறுவனம் 1951-இல் பிரிசிஷன் பேஸையும் 1952-இல் அதற்கென பேஸ்மேன் ஆம்ப்ளிஃபையரையும் வெளியிட்டது. பெரிய அரங்குகளுக்காக ஆம்பெக் நிறுவனம் 1969-இல் 300 வாட் திறனுள்ள எஸ்.வி.டி. என்னும் வால்வு ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்தது.

தேர்வு: நான்கு தந்தி பேஸின் மிகத் தாழ்ந்த சுரம் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். அதைத் தெளிவாக எழுப்ப அதிகக் காற்றை அசைக்க வேண்டும். ஆகவே சாதாரண கிட்டாருக்குத் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு வாட் தேவை.

பெடல் வரிசை: டியூனர், கம்ப்ரெஸர், ஓவர்டிரைவ், கோரஸ், டிலே என்பது பரவலான ஒழுங்கு. கிட்டாருக்கான ஓவர்டிரைவ் பெடல்கள் பலவும் அடிநாதத்தைக் குறைத்துவிடும். மூல ஒலியையும் கலந்து தரும் ‘பிளெண்ட்’ குமிழ் உள்ள பெடல் அக்குறையைத் தீர்க்கும்.

இணைப்பு: 8 ஓம் கேபினெட்டுகள் இரண்டை இணையாகப் பொருத்தினால் மொத்த மின்தடை 4 ஓம் ஆகும்; ஆம்ப்ளிஃபையர் அதைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். கேபினெட்டுக்கு ஸ்பீக்கர் கேபிளே தேவை. கிட்டார் கேபிள் சூடேறிப் பழுதாகலாம். வால்வு ஆம்ப்ளிஃபையரைக் கேபினெட் இணைக்காமல் இயக்கவே கூடாது. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பேஸ்களில், வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். பெரும்பாலானவற்றில் கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும்.