ரத்தத்தில் தெரிந்த புகை

திண்டிவனத்திலானாலும் விழுப்புரத்திலானாலும், டாக்டர் எழுதிக் கொடுக்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'இ.எஸ்.ஆர்.' என்றோ 'ஸி.ஆர்.பி.' என்றோ மூன்று எழுத்துக்கள் இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். முடிவில் எண் கூடுதலாக இருந்தால் வீட்டில் கலவரம். குறைவாக இருந்தால் பாயசம். இந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் கலவரமும் அடங்கும். பாயசத்துக்கும் அவ்வளவு அவசரம் இராது.

நம் தர்க்க சாஸ்திரக்காரர்கள் அனுமானத்துக்கு ஓயாமல் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. மலையிலே புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது. திண்டிவனத்துக்காரர்கள் செஞ்சி மலையை நினைத்துக்கொள்ளலாம். எரிவது சுள்ளியா, குடிசையா, சோறு பொங்கும் அடுப்பா என்பதைப் புகை சொல்லாது. ரத்தப் பரிசோதனையின் சரித்திரமும் இந்தப் புகையின் சரித்திரந்தான்.

உடம்பில் மூளும் நெருப்புக்கு அழற்சி என்று பெயர். சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்ற அதன் நான்கு அடையாளங்களையும் ரோமாபுரி ஆசிரியர் ஸெல்ஸஸ் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். காலில் முள் தைத்தால் நான்கும் கண்ணுக்குத் தெரியும். உள்ளே நடப்பதை அறிவது எப்படி? சில நோயாளிகளின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் வேகமாக அடியில் படிவதை 1897-ல் போலந்து வைத்தியர் பியர்நாட்ஸ்கி எடுத்துச் சொன்னார். ஸ்வீடன் தேசத்து ஃபாரேயஸ் 1918-ல் அதையே மறுபடியும் கண்டார். வெஸ்டர்கிரன் 1921-ல் காசநோயாளிகளின் நிலையை அறிய அதைப் பயன்படுத்தினார். ரத்தம் உறையாதபடி செய்து, கண்ணாடிக் குழாயில் நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்று பார்ப்பதுதான் இ.எஸ்.ஆர்.

1930-ல் நியூயார்க் நகரத்து ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியாக் கிருமியிலிருந்து 'ஸி' என்றொரு பொருளைப் பிரித்தெடுத்து, நோயாளியின் ரத்த நீரில் கலந்தார்கள். அது திரிந்து படிந்தது. நோயாளி பிழைத்து எழுந்த பிறகு அதே பொருளைக் கலந்தபோது திரியவில்லை! அந்த மாயம் செய்த புரதந்தான் ஸி.ஆர்.பி. அழற்சி மூண்டதும் கல்லீரல் அதை ரத்தத்தில் கொட்டுகிறது. தணிந்ததும் சில நாட்களில் அளவு இறங்கிவிடுகிறது.

இருதயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ரத்தக் குழாய் தடிப்பதில் அழற்சிக்கும் பங்கு உண்டென்று ஜெர்மானிய அறிஞர் விர்ஹோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கூறினார். 1997-ல் ரிட்கரும் அவருடைய தோழர்களும் அதற்குச் சாட்சி தேடினார்கள். அமெரிக்காவில் நோயின்றி இருந்த டாக்டர்கள் பல வருஷங்களுக்கு முன் ஆராய்ச்சிக்காகக் கொடுத்த ரத்தம் உறைபதனத்தில் கிடந்தது. பின்னால் மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக் கட்டு முதலியவை கண்ட 543 பேருடைய ரத்தத்தையும், அவை காணாத 543 பேருடைய ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். ஸி.ஆர்.பி. மிக அதிகமாயிருந்த கால் பங்கினருக்கு, மிகக் குறைவாயிருந்த கால் பங்கினரைவிட மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்கு! 2005-ல் சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் வெளியிட்ட ஆராய்ச்சியும், உடற்கொழுப்பு, நீரிழிவு, இருதய நோய் ஆகியவற்றோடு இந்தப் புரதத்துக்கு உள்ள தொடர்பைக் காட்டியது.

அப்படியானால் ஸி.ஆர்.பி.தான் குற்றவாளியா? இல்லை என்று 2011-ல் வெளியான மரபணு ஆராய்ச்சி சொல்லியது. பிறவியிலேயே அது சற்றுக் கூடுதலாக இருப்பவர்களுக்கு அதனால் மாரடைப்பு அதிகமாவதில்லை. புகையை விரட்டினால் நெருப்பு அணையுமா? 2017-ல் 10,061 பேரிடம் நடந்த சோதனையில், கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணிக்கும் மருந்தினால் மாரடைப்பு ஓரளவு குறைந்தது. ஆனால் அந்த மருந்து எடுத்தவர்களில் தொற்று நோயால் இறந்தவர்கள் சற்று அதிகம். நெருப்பு உடம்புக்குக் காவலாகவும் இருக்கிறது அல்லவா?

ஆகவே சீட்டில் வரும் எண்ணுக்கு அதற்குரிய இடத்தைக் கொடுப்போம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அபாயம் குறைவு, மூன்றுக்கு மேலே அதிகம் என்று 2003-ல் அமெரிக்க நிபுணர்கள் வகுத்தார்கள். பத்தைத் தாண்டினால் முதலில் வேறு நோய் உண்டா என்று பார்த்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். ஈறு வீங்கினாலும், காய்ச்சல் அடித்தாலும் எண் ஏறும். அதற்காக இருதயம் போயிற்று என்று அழ வேண்டியதில்லை.

இதைவிட ஆபத்தானது மறுபக்கம். போன மாதம் எண் குறைவாக இருந்ததே என்ற தைரியத்தில், நெஞ்சு அடைப்பதை 'வாயு' என்று சொல்லிச் சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். மாரடைப்பு தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் ஸி.ஆர்.பி. ஏறியே இராது; காப்பாற்றக்கூடிய நேரமோ அதுதான். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் வழியிலே, முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 108-ஐக் கூப்பிட்டால் வண்டி வருகிறது. நெஞ்சு வலித்தவருக்கு அந்த நேரத்தில் வேண்டியது இருதயத்தின் மின்படமும் ஒரு டாக்டரின் கையுந்தான். மூன்று எழுத்துச் சீட்டைப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.