தும்பி தைத்தவர்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து பவானியாற்றோடு கிழக்கே போனால், பவானிசாகர் அணைத் தண்ணீருக்குள் கிடக்கிறது தணாயக்கன் கோட்டை. திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800-ல், பிரான்சிஸ் புகானன் இந்த வழியாக வந்தார். புதிதாகப் பிடித்த சீமையில் என்ன விளைகிறது, என்ன தொழில் நடக்கிறது என்று பார்த்து எழுத கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அனுப்பிய மருத்துவர். 1807-ல் லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அவருடைய பயண நூலில் நம் கிணறும், மாடு பூட்டி நீரிறைக்கும் கவலையும் ஏறிவிட்டன. 1887-ல் நிக்கல்சன் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டிலும் கிணற்றுப் பாசனம் உண்டு. வரி வாங்கும் ஆட்சிக்கு அந்தக் கணக்கு வேண்டியிருந்தது.

சீனத்தில் தொழில்களை எழுதிவைக்கும் இந்த வேலையை உள்ளூர்ப் படிப்பாளிகளே செய்தார்கள். வாங் ஜென் 1313-ல் தன் வேளாண் நூலில் நீரிறைக்கும் பொறிகளைப் படமாகப் போட்டார். பேரரசின் உயர்தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்ற சுங் யிங்ஷிங், 1637-ல் நெல், உப்பு, காகிதம், வார்ப்பு என 18 அத்தியாயங்களில் 'தியன்குங் காய்வு' எழுதினார். பின்னாளில் சீனத்திலேயே அரிதாகிப்போன அந்த நூலை ஜப்பான் காப்பாற்றித் தந்தது. எனக்கு அவர்மேல் பெரும் மரியாதை. ஆனால் அந்தப் படங்களில் வேலை செய்கிறவர்களுக்குப் பெயர் இல்லை.

நம் கவலைக்கு வருகிறேன். அதில் கைவினை எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். மேல் உருளையில் வடக்கயிறு. கிணற்று விளிம்பை ஒட்டிய கீழ் உருளையில் வால்கயிறு. வடம், தண்ணீர் மொள்ளும் சாலைத் தூக்கும். வால்கயிறு, சாலின் அடியில் இருக்கும் தோல் குழாயான தும்பியின் வாயைப் பிடித்திருக்கும். ஏறும்போது தும்பி மடங்கி, வாய் சாலின் நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். விளிம்புக்கு வந்ததும் வால்கயிறு தும்பியைத் தொட்டிப் பக்கம் இழுத்து நீட்ட, தண்ணீர் தானே கொட்டும். சாலைக் கவிழ்க்கத் தனி ஆள் வேண்டாம். வால்கயிறு கொஞ்சம் நீண்டுவிட்டாலும் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பும். மாடுகள் சரிவில் இறங்கும்போது எங்கள் அப்புச்சி வடத்தின்மேல் உட்கார்ந்துகொள்வார், அவர் பாரமும் சேர்ந்து இழுக்கட்டும் என்று. பிறகு மாடுகள் பின்னோக்கியே நடந்து மேடேறும்.

அந்தத் தும்பியைத் தைத்தவர் ஊருக்கு வெளியே சேரியில் இருந்தார். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல். எந்தப் பக்கத் தோல் நீளும், எது நீளாது, தையலை எவ்வளவு நெருக்கினால் ஒழுகாது, எப்போது எண்ணெய் போட வேண்டும் என்பதெல்லாம் அவர் விரலுக்குத் தெரியும். கூலி, அறுப்பு முடிந்து களத்தில் அளக்கும் தானியம். ஊரில் சின்னப் பையன்கூட அவரை ஒருமையில்தான் கூப்பிடுவான்.

1932-ல் பைகாரா மின்சாரம் வந்தது. அதன்பின் கிணற்றுக்குக் கிணறு மோட்டார் ஏற, கவலை நின்றது. தும்பி தைக்கும் வேலையும் போயிற்று. கோவையின் பம்புத் தொழிலைப் பற்றி நிறையப் பேசுகிறோம், எழுதுகிறோம். அதற்கு முன்னால் இந்தச் சீமைக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்த தையலைப் பற்றி யார் எழுதினார்கள்? தோல் வேலை தெரிந்த பெரியவர்கள் காரமடையிலோ சிறுமுகையிலோ இன்னும் இருந்தால், கல்லூரிப் பிள்ளைகள் அவர்களிடம் போய் உட்கார்ந்து, அளவும் தையலும் படத்தோடு எழுதி வாங்கட்டும். முதல் பக்கத்தில் அவர்கள் பெயரைப் போடட்டும்.