அடிபணிதலும் சிறைப்பிடிப்பும்: ஒரு நிகழ்ச்சி, இரண்டு ஓவியங்கள்

குடியேற்ற ஆட்சியின் வெற்றிகளைத் தீட்டிய ஐரோப்பிய ஓவியங்களை நாம் பெரும்பாலும் வரலாற்றுச் சான்றுகளாகவே கொள்கிறோம். அவை சான்றுகள்தாம்; எதற்குச் சான்றுகள் என்பதே வினா. ஜாவாவில் 1830 மார்ச் 28ஆம் நாள் நிகழ்ந்த ஒன்றை இருவர் தீட்டியுள்ளமை இவ்வினாவை ஆராய இடந்தருகிறது.

1825இல் மூண்ட ஜாவாப் போரில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஜாவானியர் மாண்டனர். போருக்குத் தலைமையேற்ற இளவரசர் டிப்போனெகோரோ, நோன்புப் பெருநாளையொட்டி மகெலாங் நகரில் டச்சுத் தளபதி தெ கோக்கைக் காணச் சென்றார். பேச்சுக்கென வந்தவரைத் தளபதி அங்கேயே சிறைப்பிடித்தார். மனாடோவுக்கும் பின்னர் மக்காசாருக்கும் நாடுகடத்தப்பட்ட இளவரசர் 1855இல் மறைந்தார்.

இந்நிகழ்ச்சியை முதலில் தீட்டிய நிக்கோலாஸ் பீனமன் ஜாவாவைக் கண்டறியாதவர். அவருடைய ஓவியம் ‘அடிபணிதல்’ என்னும் பெயரால் வழங்குகிறது. மாளிகையின் மேல் டச்சுக் கொடி பறக்கிறது. மேற்படியில் நிற்கும் தளபதி கைநீட்டி வண்டியைக் காட்டுகிறார்; ஒரு படி கீழே இளவரசர் தளர்ந்து நிற்கிறார். வஞ்சனையாய் முடிந்த சந்திப்பு, தந்தை மகனைக் கண்டிக்கும் காட்சியாக மாறிவிடுகிறது.

ஜாவானிய உயர்குடியினரான ராடென் சாலே 1829இல் ஐரோப்பா சென்று, இருபதாண்டுகளுக்கு மேல் அங்கிருந்து ஓவியம் பயின்றவர். தாயகம் திரும்பியபின் 1857இல் அதே காட்சியைத் தீட்டினார்; பெயரோ ‘சிறைப்பிடிப்பு’. கொடி இல்லை. இளவரசரும் தளபதியும் ஒரே படியில் நிற்கின்றனர்; இளவரசர் முகத்தில் அடக்கிய சினம். டச்சு அதிகாரிகளின் தலைகள் உடலுக்குப் பொருந்தாமல் பருத்துள்ளன. இதனைக் கைப்பிழை என்பது பொருந்தாது. ஜாவானியரின் தலைகள் அளவாகவே உள்ளனவே! ஜாவானிய மரபின் அரக்கர் வடிவத்தை இதிற் காணும் ஆய்வாளர் கருத்தே நமக்கும் ஏற்புடையது. கருவியும் நெறியும் ஐரோப்பாவினுடையவை. பார்வை மட்டும் வேறு.

இதனைக்கொண்டு சாலேயை விடுதலைப் போராளியாக்கிவிடுதலும் மிகையே. அவர் டச்சு அரசின் ஆதரவில் வாழ்ந்தவர். இவ்வோவியத்தையும் மன்னர் மூன்றாம் வில்லெமுக்கே பரிசாக அளித்தார். பரிசைப் பெற்றோர் அந்தத் தலைகளைக் கண்டு என்ன எண்ணினரோ! 1978இல் அது இந்தோனேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. பீனமனின் ஓவியம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது.