ஓரங்குலப் புரி: சினிமா வில்லைகளின் மறுவாழ்வு

கருவிகளின் வரலாற்றை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் கருவியை நோக்குவர்; அதனை ஆக்கிய அறிஞனை நோக்குவர்; அதன் விலையையும் பயனையும் நோக்குவர். கருவியின் இரு உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தை நோக்குவார் மிகச் சிலரே. ஆயினும் கருவி அழிந்தபின்னரும் நிலைத்துநிற்பது பல வேளைகளில் அப்பொருத்துமிடமே. 1920களில் அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரத்து நிறுவனம் ஒன்று தன் சினிமாக் கமராவுக்கென வெட்டிய ஒரு திருகுபுரி, 2008-ஆம் ஆண்டின் பின் யப்பானில் உருவாகிய இலக்கமுறைக் கமராக்களின் வாயில் வந்து அமர்ந்த செய்தி இவ்வுண்மைக்குத் தக்கதொரு சான்றாகும்.

1907-ஆம் ஆண்டிலே டொனால்ட் பெல், அல்பேட் ஹவல் என்னும் இருவர் சிக்காகோவில் நிறுவிய பெல் அன் ஹவல் நிறுவனம், தொழில்முறைச் சினிமாக்காரருக்கு வேண்டிய கமராக்களையும் துளையிடு பொறிகளையும் ஆக்கிப் பெயர்பெற்றது. அக்காலத்துப் படச்சுருள் 35 மில்லிமீற்றர் அகலமுடையது. எளிதில் தீப்பற்றும் நைத்திரேற்றுப் பொருளாலாயது. வீட்டிலே வைத்துப் பயிலுதற்கு அது ஏற்றதன்று. 1923-இல் கொடாக் நிறுவனம் தீப்பற்றல் அரிதாகிய அசற்றேற்றுத் தளத்திலே 16 மில்லிமீற்றர்ச் சுருளை வெளியிட்டமையே சினிமாக்கலை கொட்டகையை விட்டு வீட்டு முற்றத்துக்கு இறங்கிய நாளெனலாம். அவ்வாண்டிலேயே பெல் அன் ஹவல் நிறுவனத்தார் பில்மோ 70 என்னுங் கமராவை வெளியிட்டனர். கையிலடங்கும் அக்கமரா சுருள்வில்லின் விசையால் ஓடியது. அதன் வில்லைகளைப் பொருத்துதற்கு அந்நிறுவனத்தார் சில ஆண்டுகளுள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல முறைகளைக் கையாண்டனர். அவற்றுள் நிலைத்தது சீ மவுண்ட் எனப்படுவது. ஓரங்குல விட்டம், அங்குலத்துக்கு 32 புரி, வில்லை அமரும் முகத்திலிருந்து படச்சுருள்வரை 17.526 மில்லிமீற்றர்த் தூரம்: இவ்வளவே அதன் இலக்கணம்.

ஈற்றிற் கூறிய அத்தூரமே இவ்வரலாற்றின் உயிர்நிலை. பில்மோக் கமராவிலே வில்லைக்கும் சுருளுக்கும் இடையே சுழலும் மூடுதகடு ஒன்றேயன்றி வேறொன்றுமில்லை. ஆதலின் வில்லை சுருளை மிக நெருங்கி நிற்றல் இயன்றது. படமும் சிறிது, 10.26 மில்லிமீற்றர் அகலமும் 7.49 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. சிறுபடத்துக்கு ஒளிவட்டம் பெரிதாக வேண்டியதில்லை. ஒளிவட்டம் சிறிதாயின் வில்லையும் சிறிதாகலாம். சிறிய வில்லையிலே துவாரத்தைப் பெரிதாக்குதல் எளிது. பெருவிரலளவான வில்லைகள் எப் 1.4 போன்ற அகன்ற துவாரத்தோடு வந்தமைக்குக் காரணம் இதுவேயன்றி அக்காலத்தாருக்கு வாய்த்த மந்திரம் எதுவுமன்று.

சிக்காகோவின் புரியை ஐரோப்பிய நாடுகள் தாமாகவே ஏற்றுக்கொண்டன. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து ரெயிலர், ரெயிலர் அன் ஹொப்சன் நிறுவனத்தார் தம் குக் வில்லைகளைப் பில்மோவுக்கு அளித்தனர். சுவிற்சர்லாந்தின் செயின்ற் குறுவா என்னும் மலையூரிலே இசைப்பெட்டியும் கிராமபோனும் தட்டெழுத்துப் பொறியும் செய்துவந்த பாயார் நிறுவனம், ஜாக் பொகோபோல்ஸ்கி என்பாரிடமிருந்து 1930-இல் பொலெக்ஸ் என்னும் பெயரை வாங்கி, 1935-இல் எச் 16 என்னுங் கமராவை வெளியிட்டது. மணிக்கூட்டு நுட்பத்திற் பழகிய கைகள் ஆக்கிய அக்கமராவின் முகத்திலே மூன்று வில்லைகளைத் தாங்கிய சுழல்தட்டு ஒன்றிருந்தது. மூன்றுக்கும் புரி சிக்காகோவின் புரியே. நியூயோர்க்கிலே அகதியாய் வந்திறங்கிய ஜோனாஸ் மேக்காஸ் கடன்பட்டு வாங்கித் தம் வாழ்நாட் குறிப்பேடாக்கிக்கொண்டது இப்பொலெக்ஸ் கமராவையே. அதற்கு வில்லை அளித்த கேண் நிறுவனம் ஆறௌ நகரத்தது, 1819-இல் தோன்றியது, நில அளவைக் கருவிகளால் நற்பெயர் பெற்றது. அதன் சுவிற்றார் வில்லைகளை இன்று கையிலெடுத்து நோக்குவோர், துவார வளையத்தைத் திருகுந்தோறும் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றியும் மறைந்தும் எத்தூரத்திலிருந்து எத்தூரம்வரை தெளிவு கிடைக்கும் எனக் காட்டுதலைக் காணலாம். கணிதத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்திய அவ்வேற்பாட்டுக்கு நிகரானது அதன்பின் வந்த வில்லைகளில் அரிதே.

பிரான்சிலே பியர் ஆன்ஜெனியூ 1935-இல் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் 1950களில் ஆக்கிய 25 மில்லிமீற்றர், எப் 0.95 வில்லை அக்காலத்தில் வியப்புக்குரியது. 1964-ஆம் ஆண்டு யூலை 31-ஆம் நாள் ரேஞ்சர் 7 என்னும் அமெரிக்க விண்கலம் சந்திரன்மீது மோதுமுன் 4,308 படங்களைப் பூமிக்கு அனுப்பியது. அக்கலத்திலிருந்த கமராக்களுக்கு இவ்வகை வில்லையும் பயன்பட்டது. ஆனால் அங்கே வில்லையின் பின்னாற் படச்சுருள் இருக்கவில்லை. விடிக்கோன் என்னுந் தொலைக்காட்சிக் குழாய் இருந்தது.

விடிக்கோனின் வருகை இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். ஆர்.சி.ஏ. நிறுவனத்தார் 1950-ஆம் ஆண்டளவில் வெளியிட்ட இக்குழாய், முன்னைய தொலைக்காட்சிக் குழாய்களிலும் மிகச் சிறிது. ஓரங்குல விடிக்கோன் என்பதில் அங்குலம் குழாயின் புறவிட்டத்தைக் குறிக்குமேயன்றிப் படத்தின் அளவையன்று. படத்தின் மூலைவிட்டம் 16 மில்லிமீற்றர் மட்டுமே. 16 மில்லிமீற்றர்ச் சுருளிற் படத்தின் மூலைவிட்டம் ஏறக்குறைய 12.7. இரண்டும் அணித்தாயிருந்தமையால் சினிமாவின் புரியைத் தொலைக்காட்சிக் காவற்கமராவும் தனதாக்கிக்கொண்டது. யப்பானிலே கொஸ்மிக்கார், கனொன், பூஜினொன் முதலிய பெயர்களோடு தொழிற்சாலைகளுக்கும் வங்கிகளுக்கும் ஆயிரக்கணக்கில் வில்லைகள் ஆக்கப்பட்டன. குழாய்கள் ஒழிந்து பல்லாண்டுகளான பின்னும், இலக்கமுறை ஒளியுணரிகளை அக்குழாய்களின் புறவிட்டத்தாற் பெயரிட்டழைக்கும் வழக்கம் ஒழியவில்லை. 'ஓரங்குல ஒளியுணரி' என விற்கப்படுவதில் ஓரங்குலம் எப்பக்கத்திலுமில்லை. அதன் மூலைவிட்டம் 15.9 மில்லிமீற்றரே. வாங்குவோரை மயக்கும் இப்பெயர், வரலாறு அறிந்தார்க்கு மட்டும் பொருள்படுவதொன்று.

இவ்வளவு வில்லைகள் இருந்தும் ஒளிப்படக்காரர் அவற்றை நாடாதது ஏன்? அவர்தம் கமராவுக்குள் ஓர் ஆடி நின்றது. ஒற்றைவில்லை ஆடிக்கமராவிலே வில்லைக்கும் சுருளுக்கும் இடையே சாய்ந்துநின்று, படமெடுக்கும் கணத்தில் மேலெழும் ஆடிக்கு இடம் வேண்டும். 1959-இல் வந்த நிக்கொன் எப் கமராவில் அவ்விடம் 46.5 மில்லிமீற்றர். 17.526 மில்லிமீற்றரில் நிற்க வேண்டிய சினிமா வில்லையை அக்கமராவின் வாயிற் பொருத்தினால், மூக்கின்முன் பிடித்த பொருளையன்றி வேறெதனையும் அது தெளிவாய்க் காட்டாது. ஆன்ஜெனியூ 1950-இல் பின்தள்ளு முறையிலமைந்த அகல்கோண வில்லையை ஆக்க நேர்ந்ததும் இவ்வாடியின் இடையூற்றாலேயே. 1970களின் நடுவில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் செய்திக்குப் படச்சுருளை விட்டு வீடியோ நாடாவை மேற்கொண்டபோது, 16 மில்லிமீற்றர்க் கமராக்கள் அலுமாரிகளை அடைந்தன. வில்லைகளும் உடன் சென்றன.

2008-இல் ஒலிம்பஸ், பானசொனிக் என்னும் இரு நிறுவனங்களும் மைக்ரோ போர் தேட்ஸ் என்னும் அமைப்பை அறிவித்தன. அவ்வாண்டே பானசொனிக் ஜீ 1 வெளிவந்தது. அதில் ஆடி இல்லை. பிடிமுகத்திலிருந்து ஒளியுணரிவரை 19.25 மில்லிமீற்றர். சினிமா வில்லைக்கு வேண்டுவதிலும் இது 1.724 மில்லிமீற்றர் மிகை. ஆகவே இணைப்பு வளையம் வெளியே நீளாது கமராவின் வாய்க்குள் அவ்வளவுக்குக் குழிந்திருத்தல் வேண்டும். வில்லையின் உடலும் அக்குழியுள் நுழையும் ஒடுக்கமுடையதாதல் வேண்டும். மெலிந்த வில்லைகள் நுழைந்தன. பருத்தவை விளிம்பில் முட்டி நின்றன.

முட்டிநிற்றலால் விளைவது யாது? 25 மில்லிமீற்றர்க் குவியத்தூரமுடைய வில்லை அரை மில்லிமீற்றர் வெளியே நின்றால், அது தெளிவாய்க் காணக்கூடிய எல்லை ஏறக்குறைய ஒன்றேகால் மீற்றரோடு முடிந்துவிடும். 10 மில்லிமீற்றர் வில்லைக்கோ பத்திலொரு மில்லிமீற்றர்ப் பிழையே போதும். ஒரு மீற்றருக்கு அப்பாலுள்ள உலகம் முழுவதும் மங்கிப்போம். வானத்தையும் மலையையும் காண விரும்பியோர் சிலர் வில்லையின் உடலைக் கடைசற் பொறியிலிட்டுச் சீவினர். காவற்கமராக்களுக்கெனப் பின்னாளில் வந்த சீ.எஸ். மவுண்ட் வில்லைகளும் இவரை ஏமாற்றின. புரி அதுவே, தூரம் மட்டும் 12.526 மில்லிமீற்றர். கண்ணாற் பார்த்து வேறுபாடறிதல் அரிதாகலின், வாங்கியபின்னரே உண்மை புலனாயிற்று.

தூரம் பொருந்தினும் வட்டம் பொருந்தவில்லை. மைக்ரோ போர் தேட்ஸ் ஒளியுணரி 17.3 மில்லிமீற்றர் அகலமும் 13 மில்லிமீற்றர் உயரமும் உடையது. பரப்பாற் சினிமாப் படத்தின் ஏறக்குறைய மும்மடங்கு. 10 மில்லிமீற்றர்ச் சுவிற்றார் அதன்மேல் ஒரு வட்டச் சாளரத்தையே வரைந்தது. 25 மில்லிமீற்றர் வில்லைகள் பலவற்றில் மூலைகள் கருகின. 50, 75 மில்லிமீற்றர் வில்லைகளே பெரும்பாலும் முழுப்பரப்பையும் நிரப்பின. மூலைகளில் உருவம் சுழன்று குழைவதைக் கண்டு அதனையே அழகெனக் கொண்டாடியோரும் உளர். அது வில்லையை ஆக்கியோன் கருதிய அழகன்று என்பதை மறத்தலாகாது. அவன் தன் பணியை 12.7 மில்லிமீற்றர் வட்டத்துள் முடித்துவிட்டான். அதற்கப்பால் விழுந்த ஒளிக்கு அவன் பொறுப்பாளியல்லன். சுவிற்றாரையும் குக்கையும் குறைகூறுவோர், அவற்றின் நடுப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து நோக்குவாராயின் தம் தீர்ப்பை மாற்றிக்கொள்வர்.

அளவாற் பொருத்தமான கமரா ஒன்று 2011-இல் வந்தது. நிக்கொன் 1 என்னும் அவ்வமைப்பில் ஒளியுணரியின் மூலைவிட்டம் 15.9 மில்லிமீற்றர், பிடிமுகத் தூரம் 17 மில்லிமீற்றர். பழைய விடிக்கோனே மறுபிறப்பெடுத்தாற்போன்ற அளவு! ஆனால் மின்தொடர்பற்ற வில்லையை மாட்டினால் அதன் முதற்கமராக்கள் ஒளியை அளக்க மறுத்தன. அகம் பொருந்திய இடத்தில் முறை பொருந்தவில்லை. 2018-இல் அவ்வமைப்பே கைவிடப்பட்டது. அதே 2011-இல் வந்த பென்ராக்ஸ் கியூ இன்னுஞ் சிறியது. பிடிமுகத் தூரம் 9.2 மில்லிமீற்றர். 8 மில்லிமீற்றர்ச் சினிமாக் கமராக்களின் டீ மவுண்ட் வில்லைகள் 12.29 மில்லிமீற்றரில் நிற்பவையாதலால், நகத்தளவான அவ்வில்லைகளும் அதன்மேல் உயிர்பெற்றன.

பொலெக்ஸ் ஆர்.எக்ஸ். வில்லைகளின் நிலை வேறு. 1956-இல் வந்த பொலெக்ஸ் றிபிளெக்ஸ் கமரா, ஒளியின் ஒரு பகுதியைப் பார்வைக்குழலுக்குத் திருப்புதற்கு வில்லைக்கும் சுருளுக்கும் இடையே கண்ணாடிப் பட்டகம் ஒன்றை வைத்திருந்தது. தடித்த கண்ணாடியூடு செல்லும் ஒளி அடையும் பிறழ்ச்சியை முன்னரே கணித்து, 50 மில்லிமீற்றரும் அதற்குட்பட்டதுமான வில்லைகளை அதற்கேற்பத் திருத்தி ஆக்கினர். பட்டகமற்ற கமராவில் அத்திருத்தமே குற்றமாகிறது. துவாரத்தை முழுதும் திறந்தால் உருவத்தின்மேல் மெல்லிய பனி படர்கிறது. இதனையறியாது வில்லை பழுதென விலைகுறைத்தாரும், இதனையே பழைமையின் சுவையெனப் புகழ்ந்தாரும் ஒருங்கே பிழைபட்டோராவர். இலக்கமுறை ஒளியுணரியின்மேலும் மெல்லிய கண்ணாடித் தகடு உண்டு என்பது உண்மையே. ஆயினும் பட்டகத்தின் தடிப்புக்கு அது ஈடாகாது.

இம்மறுவாழ்வினால் விளைந்த கேட்டையும் எடுத்துரைத்தல் வேண்டும். தேவை பெருகவே வில்லைகளின் விலை உயர்ந்தது. முன்னர் மூன்று வில்லைகளோடு ஒரு பெட்டியில் விற்கப்பட்ட பொலெக்ஸ், வில்லைகள் வேறாகவும் உடல் வேறாகவும் விற்கப்படலாயிற்று. வில்லையிழந்த உடலை வாங்குவார் குறைவு. நன்கு ஓடுங் கமராக்கள் இவ்வாறு குருடாயின. 16 மில்லிமீற்றர்ச் சுருளில் இன்றும் படமெடுக்கும் மாணவருக்கும் கலைஞருக்கும் இது நேரான இழப்பு. காவற்கமராவிலிருந்து கழிக்கப்பட்ட கொஸ்மிக்கார் வில்லையை எடுத்துப் பயன்கொள்வதிற் குற்றமில்லை. அது குப்பைக்குச் செல்லவிருந்தது. ஓடும் பொலெக்ஸின் கண்ணைப் பிடுங்குதலும், சுவிற்றாரின் உடலைக் கடைசலிட்டு மீளாதபடி சீவுதலும் அத்தகையனவல்ல. வளையத்தை மாற்றலாம், சீவிய உலோகத்தை ஒட்டவியலாது.

உற்பத்தியாளரும் இவ்வார்வத்தைக் கண்டனர். கொசினா நிறுவனம் 2010-இல் மைக்ரோ போர் தேட்ஸுக்கென வெளியிட்ட நொக்ரன் வில்லையின் எண்கள் 25 மில்லிமீற்றர், எப் 0.95, ஆன்ஜெனியூவின் அதே எண்கள், ஆனால் முழுப்பரப்பையும் நிரப்பும் வட்டத்தோடு. உருவில் அது பன்மடங்கு பருத்தது. வட்டம் பெருத்தற்குக் கொடுத்த விலை அது. 2013-இல் வந்த பிளாக்மாஜிக் பொக்கற் சினிமாக் கமரா, பிடிமுகத்தை மைக்ரோ போர் தேட்ஸாக வைத்துக்கொண்டே ஒளியுணரியை 12.48 மில்லிமீற்றர் அகலத்துக்குச் சுருக்கியது. அவ்வளவு, 1970-ஐ அண்டிச் சுவீடன் நாட்டு ஒளிப்பதிவாளர் றூனே எரிக்சன் வகுத்த சூப்பர் 16 முறையின் அளவு. மூலைகள் கருகிய வில்லைகள் பல அதன்மேற் கருகாது நின்றன.

அதற்கு முந்திய ஆண்டில் அமெரிக்க இளைஞர் சிலர் மக்களிடம் முன்பணம் திரட்டி டிஜிற்றல் பொலெக்ஸ் என்னுங் கமராவை ஆக்கத் தொடங்கினர். அதன் வாயில் இணைப்பு வளையம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஓரங்குல விட்டமும் அங்குலத்துக்கு 32 புரியுமாகச் சீ மவுண்ட் தானே அமைந்திருந்தது. 2016-இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. நுணுக்குக்காட்டிகளும் தொழிற்சாலைகளிற் பொருள்களைச் சோதிக்கும் கமராக்களும் அப்புரியோடு இன்றும் ஆக்கப்படுகின்றன.