அகத்தியர் மலையும் ஒரு முறுக்குக் கம்பியும்

1956 வரை நாம் திருவிதாங்கூரோடு இருந்தவர்கள். அதனால் சுவாதித் திருநாள் மகாராஜா 1837-ல் திருவனந்தபுரத்தில் அமைத்த வானாய்வு நிலையத்தில் நமக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு. 1852 முதல் 1865 வரை அதை நடத்தியவர் ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1855-ல் அகத்தியர் மலை உச்சியிலும், ஆறாயிரம் அடிக்கு மேலே, ஒரு ஆய்வுக்கூடம் கட்டினார். அட்டையும் யானையும் உள்ள அந்தக் காட்டில் சாமான்களைச் சுமந்து ஏற்றியவர்களை நினைத்தால்தான் எனக்கு மலைப்பு.

அவருக்குப் பேர் வாங்கித் தந்தது காந்த ஊசி ஆராய்ச்சி. ஆனால் கம்பியின் முறுக்கைக் கொண்டு புவியீர்ப்பை அளக்கும் கருவி ஒன்றையும் வடிவமைத்திருந்தார். 1879-ல் அவர் காலமானார். அந்தக் கருவியைப் பற்றி மேஜர் ஹெர்ஷல் 1881-ல் எழுதினார்.

முறுக்குக் கம்பி என்றாலே நினைவுக்கு வருபவர் கேவண்டிஷ். ஊஞ்சல் பலகையை ஒற்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் லேசாகத் தொட்டாலும் திரும்பும். 1798-ல் அவர் பக்கத்தில் வைத்த ஈயக் குண்டு ஒவ்வொன்றும் சுமார் 158 கிலோ.

1986-ல் அமெரிக்காவில் ஃபிஷ்பாக் என்பவர், சில நூறு மீட்டர் தூரத்துக்குள் நியூட்டன் கணக்குக்கு அடங்காத ‘ஐந்தாவது விசை’ ஒன்று இருக்கலாம் என்றார். டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தின் ரமாநாத் கௌசிக் குழுவினர் கர்நாடகத்துக் கௌரிபிதனூரில், நிலத்தடி அறையில் முறுக்குத் தராசைத் தொங்கவிட்டுத் தேடினார்கள். 1988-ல் முடிவு வெளிவந்தது: அப்படி ஒரு விசை தென்படவில்லை. இல்லை என்பதைச் சொல்லவும் அத்தனை பாடு!

அடுத்த சந்தேகம் 1998-ல் வந்தது. நமக்குத் தெரியாத கூடுதல் பரிமாணங்கள் இருந்தால், ஒரு மில்லிமீட்டருக்குள் ஈர்ப்பு திடீரென்று கூடலாமாம். இதை அளப்பது லேசில்லை. தலை சீவிய சீப்பு காகிதத் துண்டைத் தூக்குகிறதே, அங்கே மொத்த பூமியும் கீழே இழுத்தும் சீப்புதான் ஜெயிக்கிறது. அதனால் மின்சார இழுப்பைத் தடுக்க இரண்டு தகடுகளுக்கும் நடுவே மெல்லிய உலோகத் தாளை இழுத்துக் கட்டுகிறார்கள். சியாட்டில் குழுவினர் 2020-ல் 52 மைக்ரான் வரை நெருங்கிவிட்டார்கள். தலைமுடியின் தடிமன்கூட இல்லை. அங்கேயும் நியூட்டன் கணக்கு பிசகவில்லை.

2021-ல் வியன்னாக்காரர்கள் கேவண்டிஷின் ஈயக் குண்டுக்குப் பதில் தங்கக் குண்டு வைத்தார்கள். எடை சுமார் 90 மில்லிகிராம், நம்ம பத்தர் நிறுக்கும் ஒரு குன்றிமணிக்கும் குறைவு. ஊர்ச் சந்தடியே அளவைக் கெடுக்கும் என்று, நல்ல அளவுகளைக் கிறிஸ்துமஸ் விடுமுறை இரவுகளில் எடுத்தார்கள்.