மண் ஊட்டச்சத்து நிலப்படமாக்கல்

மண் ஊட்டச்சத்து நிலப்படமாக்கல் என்பது, ஒரு வேளாண் நிலத்தில் பயிர்களுக்குத் தேவையான சத்துக்களின் அளவு இடத்துக்கு இடம் எவ்வாறு மாறுபடுகின்றது என்பதை அளந்து, அதனை நிலப்படமாக வரையும் முறையாகும். தழைச்சத்தாகிய நைட்ரசன், மணிச்சத்தாகிய பாசுபரசு, சாம்பல் சத்தாகிய பொட்டாசியம், துத்தநாகம் போன்ற நுண்சத்துக்கள், மண்ணின் கார அமில நிலை ஆகியவை இவ்வாறு படமாக்கப்படுகின்றன. இது துல்லிய வேளாண்மையின் அடிப்படைப் பணிகளுள் ஒன்று.

== தேவை ==
ஒரே வயலில்கூட மண் வளம் சீராக இருப்பதில்லை. தாய்ப்பாறையின் தன்மை, நிலச்சரிவு, மண்ணரிப்பு, முன்னர் தொழுவுரம் குவிக்கப்பட்ட இடங்கள் முதலியன இதற்குக் காரணங்களாகும்.

எடுத்துக்காட்டாக, ஒரு வயலின் ஒரு பாதியில் பாசுபரசு மில்லியனுக்கு 10 பங்கும், மறு பாதியில் 50 பங்கும் இருப்பதாகக் கொள்வோம். சராசரி 30 பங்கு. பயிருக்குப் போதுமான அளவு 20 பங்கு எனில், சராசரியைப் பார்ப்பவர் உரம் தேவையில்லை என்றே முடிவு செய்வார். உண்மையில் பாதி வயல் பற்றாக்குறையில் உள்ளது.

== வரலாறு ==
1929 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் இலினொய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லின்சிலி, பாவர் ஆகியோர், வயலின் பல இடங்களில் மண் எடுத்து அமிலத்தன்மையைப் படமாக வரைந்து, அதற்கேற்பச் சுண்ணாம்பு இடுமாறு உழவர்களுக்கு அறிவுறுத்தினர். பின்னர், இடத்துக்கேற்ப உரமிடும் இயந்திரங்களும் ஜி.பி.எஸ் கருவிகளும் வந்தபோது இம்முறை மீண்டும் முக்கியத்துவம் பெற்றது. 2000 மே மாதத்தில் ஜி.பி.எஸ் குறிகைகளில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழை நீக்கப்பட்டதால், வயலில் இடங்காணல் எளிதாயிற்று.

== செய்முறை ==
* வயல் கட்டங்களாகவோ, மண் வகை, விளைச்சல் ஆகியவற்றைக் கொண்டு மண்டலங்களாகவோ பிரிக்கப்படும். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் 2.5 ஏக்கர் கட்டம் பரவலாகப் பயன்படுகின்றது.
* ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிப் பல இடங்களில், ஏறத்தாழ 15 செ.மீ ஆழம் வரை மண் எடுத்து ஒன்றாகக் கலக்கப்படும்.
* மாதிரிகள் ஆய்வகத்தில் பகுப்பாய்வு செய்யப்படும்.
* அளவிடப்படாத இடங்களின் மதிப்புகள் இடைக்கணிப்பு மூலம் மதிப்பிடப்படும்.

== இடைக்கணிப்பு ==
எளிய முறையில், அருகிலுள்ள புள்ளிகளுக்குக் கூடிய எடையும் தொலைவிலுள்ளவற்றுக்குக் குறைந்த எடையும் கொடுக்கப்படும். கிரிகிங் முறையில் இந்த எடைகள் தரவுகளிலிருந்தே பெறப்படுகின்றன. தென்னாபிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிகே 1951 இல் தங்கச் சுரங்கங்களுக்காகச் செய்த ஆய்வை, பிரான்சின் ஜார்ஜ் மாதரோன் 1960களில் கணிதக் கோட்பாடாக வளர்த்தெடுத்தார்.

இம்முறையில் முதலில், இரு புள்ளிகளின் மதிப்புகளுக்கு இடையேயான வேறுபாடு தொலைவுடன் எவ்வாறு கூடுகின்றது என்பது கணிக்கப்படும். ஒரு குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால் புள்ளிகளிடையே தொடர்பு இருப்பதில்லை. மாதிரிகளின் இடைவெளி அத்தொலைவைவிட மிகுதியாக இருந்தால், மாதிரி எடுக்காத இடங்களுக்குப் படம் காட்டுவது பெரும்பாலும் சராசரியையே. வண்ணங்கள் அழகாக இருப்பினும் அது புதிய செய்தி எதையும் தருவதில்லை. ஆகவே சில மாதிரிகளைக் கணிப்பில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்து, அவற்றைக் கொண்டு படத்தைச் சரிபார்ப்பது நல்லது.

== பயன்களும் வரம்புகளும் ==
தேவையான இடத்தில் மட்டும் உரமிடுவதால் செலவு குறைவதுடன் நீர்நிலைகளும் காக்கப்படுகின்றன. மிகுதியான பாசுபரசு ஏரிகளில் நீலப்பச்சைப்பாசிகளைப் பெருகச் செய்கின்றது. 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியில் இவ்வாறு பெருகிய பாசியின் நச்சு காரணமாக, டொலிடோ நகரப் பகுதியில் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் குழாய்நீரைக் குடிக்க வேண்டாம் என எச்சரிக்கப்பட்டனர்.

பாசுபரசு, பொட்டாசியம் ஆகியவை மண்ணில் மெதுவாகவே நகர்வதால் அவற்றின் படம் சில ஆண்டுகளுக்குப் பயன்படும். நைட்ரேட்டு மழைநீரில் எளிதில் கரைந்து இறங்கிவிடுவதால் அதன் படம் ஒரு பருவத்துக்கு மேல் செல்லாது. மாதிரிகள் கூடக்கூட ஆய்வகச் செலவும் உயரும்.

== இந்தியாவில் ==
இந்திய அரசின் மண்வள அட்டைத் திட்டம் 2015 பெப்ரவரி 19 அன்று இராசத்தானின் சூரத்கரில் தொடங்கப்பட்டது. பாசன நிலத்தில் 2.5 எக்டேருக்கும், மானாவாரி நிலத்தில் 10 எக்டேருக்கும் ஒரு மாதிரி என வகுக்கப்பட்டு, 12 பண்புகள் அளவிடப்பட்டன. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சராசரி நில உடைமை 1.08 எக்டேர் மட்டுமே. எனவே ஒரே மாதிரி பல உழவர்களின் நிலங்களுக்குப் பொதுவாக அமையக்கூடும். தனி வயலுக்குள் உள்ள வேறுபாட்டை அது காட்டாது.

== இவற்றையும் பார்க்க ==
* துல்லிய வேளாண்மை
* புவியியல் தகவல் முறைமை
* மண் வளம்