மணலி: அலுவலகச் சந்தையும் உள்ளூர் வணிகமும்

மணலி வடசென்னைத் தொழிற்பகுதி, 2011 முதல் சென்னை மாநகராட்சியின் 2ஆம் மண்டலம். மெட்ராஸ் ரிஃபைனரீஸ் (இன்றைய சென்னை பெட்ரோலியம்) இங்கு 1969இல் இயங்கத் தொடங்கியது; உர, பெட்ரோகெமிக்கல் ஆலைகள் பின்தொடர்ந்தன. மணலிக் கடைகள் ஷிப்டையும் லாரியையும் நம்பியவை: விடியுமுன் பால் கொதிக்கும் டீக்கடை, பஞ்சர் கடை, வெல்டிங் பட்டறை, மெஸ். பராமரிப்புக்காக ஆலை நிறுத்தப்படும்போது வெளியூர் ஒப்பந்தத் தொழிலாளர்கள் திரள, மெஸ்களில் இடமிருக்காது. வேலை முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும்.

2000இல் தென்சென்னையின் தரமணியில் டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறந்தபின் அலுவலகக் கட்டடங்கள் பழைய மாமல்லபுரம் சாலையில் பெருகின. அங்கே உணவகங்கள், விடுதிகள் பெருகி வாடகையும் ஏறியது. அந்த அலுவலக வாடிக்கையாளர்கள் மணலிக்கு வரவில்லை. நகருக்கு எரிபொருள் தந்து, புகையையும் லாரித் தூசியையும் சுமக்கும் ஊருக்கு இது அநீதியே. 2021இல் திருவொற்றியூர் வழியே விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ தடத்திலும் மணலி இல்லை.